ஆவுடையம்மாள் வளவில் பொங்காத பால்

நம்பிக் கேட்கிறவர்கள் கேளுங்கள். நம்பாதவர்கள் உங்கள் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரம் பாலை வைத்துவிட்டு வந்து உட்காருங்கள், கதை முடிவதற்குள் அது பொங்கி வழிந்தால் துடைக்க வேண்டியது உங்கள் பாடு.

குற்றாலிங்கம் என்று ஒரு மனிதர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரே மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்து முடித்தவர், கைநிறையச் சம்பளம் தந்த வேலையை உதறிவிட்டுப் பைநிறையப் பணத்தோடு வெளியே வந்தவர், சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, முழங்கால் வலிகூட இல்லை. ஆண்டவன் ஒருத்தனுக்குக் குறையே வைக்காமல் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்று பார்ப்பதற்காகவே படைக்கப்பட்டவர் மாதிரி இருந்த அந்த மனிதர் என்ன செய்தார் என்றால், வீடு மாற்றினார். சென்னையில் ஒரு வீடு, கொசு என்றார். கோயம்புத்தூரில் ஒரு வீடு, பக்கத்து வீட்டுக்காரன் காரணமில்லாமல் சிரிக்கிறான் என்றார். ஓசூரில் குளிர், கொடைக்கானலில் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து படுக்கையை நனைக்கிறது, திருச்செந்தூரில் கடல் ஓயாமல் கத்துகிறது. கடல் கத்தாமல் பின்னே அவருக்குத் தாலாட்டா பாடும்? ஒரு வீட்டில் சாமான் இறக்கிய கொஞ்ச நாளைக்கு அவர் முகம் பூரித்துக் கிடக்கும், பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது கால் தானாக ஆடத் தொடங்கும், நாற்காலி ஆடும், மேஜை ஆடும், தட்டில் ரசம் ஆடும், அதைப் பார்த்ததுமே அவர் மனைவி வடிவு எழுந்து போய்ச் சாமான் கட்டுகிற கயிற்றுக்கண்டை எடுத்து வெளியே வைப்பாள்.

வடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் சில வீடுகளில் அவள் எல்லாப் பெட்டியையும் பிரித்து, அலமாரியில் காகிதம் விரித்து, சாமி படத்துக்கு ஆணி அடித்துப் பார்த்தாள். அப்புறம் பாதிப் பெட்டிகளைப் பிரித்தாள். கடைசி இரண்டு வீட்டிலும் விளக்கு, குக்கர், நாலு சேலை, இவ்வளவுதான் வெளியே வந்தது. மற்றதெல்லாம் கட்டிய கயிறு கட்டியபடி சுவரோரமாக அடுக்கிக் கிடந்தது, அவள் அதன் மேலேயே உட்கார்ந்து டிவி பார்த்தாள். தன் கல்யாணப் பட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. இப்படியும் ஒரு பெண்ணை வைத்துக் குடும்பம் நடத்துவார்களா என்று நீங்கள் கேட்கலாம், அவர் நடத்தினார்.

இந்த நிலைமையில் குற்றாலிங்கத்துக்கு எளிய வாழ்க்கை என்னும் வியாதி வந்தது. மலையடிவாரத்தில் ஒரு முகாம். லினன் ஜிப்பா போட்ட ஒரு சின்னப் பையன், ஏசி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, குறைவாக இருங்கள், குறைவாக இருங்கள் என்று மூன்று நாளைக்குச் சொல்லிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டான். நம் ஆள் கண்கலங்கிப் போய், அதே மாதிரி ஒரு லினன் ஜிப்பாவை அங்கேயே வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எளிமைக்கு வேண்டிய சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாக வரவழைத்தார். மண்பானை, செம்புக் குடம், தேக்குக் கரண்டி, கல் சட்டி, கைராட்டை என்று எல்லாம் வந்தது. பழைய காஸ் அடுப்பு ஒன்று இருக்கும்போதே மண் அடுப்பு, கரி அடுப்பு, விறகு மிச்சப்படுத்தும் அடுப்பு, கரண்டு அடுப்பு என்று அடுப்பாகவே ஒரு வரிசை. ஏற்கெனவே இருந்த நடை இயந்திரம், முதுகு பிடித்துவிடும் நாற்காலி, பேக்கரி வைக்கலாம் என்கிற அளவுக்கு ஓவன், இவற்றையாவது விட்டாரா என்றால் இல்லை, எளிமையும் வேண்டும், முதுகும் பிடித்துவிட வேண்டும். எளிமையாக வாழத் தோதான இடம் தேடித்தான் அவர் தென்காசியில் ஆவுடையம்மாளின் வளவுக்கு வந்து சேர்ந்தார்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக நிற்கிற ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, அவ்வளவுதான். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள், ஒரு வீட்டில் சண்டை என்றால் எல்லா வீட்டிலும் டிவியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். அதில் யாரும் உத்தமர் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வளவுக்குச் சொந்தக்காரி ஆவுடையம்மாளுக்கு அறுபது வயது, அப்பளமும் வத்தலும் போட்டு விற்கிறவள், வாடகையை வாங்கும்போது மட்டும் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பாள். வாசலில் டீக்கடை வைத்திருக்கிற இசக்கி, பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனா தண்ணீரில் பால் ஊற்றுகிறவனா என்று ஊருக்கே சந்தேகம். குற்றாலிங்கம் முதல் பார்வையிலேயே இவர்களை எல்லாம் மூக்கைச் சுளித்துப் பார்த்தார். எளிய வாழ்க்கை அவருக்குப் பிடிக்கும், எளிய மனிதர்களை அல்ல.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனி கடைசித் தேதியிலேயே இரண்டு லாரியில் சாமான் வந்து இறங்கியது. முதல் லாரியில் வீடு நிறைந்துவிட்டது. இரண்டாவது லாரியை இறக்கியபோது ஆட்கள் வீட்டுக்குள் ஒருக்களித்து நடந்தார்கள். வளவுப் பெண்கள் எல்லாரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

"ஆளு ரெண்டு பேருதானா, இல்ல பின்னால கல்யாணக் கோஷ்டி ஏதும் வருதா?" என்று ஆவுடையம்மாள் வடிவிடம் கேட்டாள்.

"ரெண்டு பேருதான் மைனி."

"ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தனை அடுப்பு?"

"எளிமையா இருக்கப்போறோமாம்," என்றாள் வடிவு.

புது வீட்டில் நுழைந்தால் முதல் காரியம் பால் காய்ச்சுவது. பால் பொங்கி அடுப்பின் மேல் வழிய வேண்டும், வழிந்தால்தான் அந்த வீடு நம்மை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இது தெரியாதவர்கள் இந்தச் சீமையில் கிடையாது. விளக்கேற்றி, கிழக்குப் பார்த்து, புது வெண்கலப் பானையில் ஆவுடையம்மாள் வீட்டு எருமைப் பாலை ஊற்றி வடிவு காஸ் அடுப்பில் வைத்தாள். குற்றாலிங்கம் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான மேக்கரையில் மலையைப் பார்த்த மாதிரி ஒரு வீடு, தரகர் மைதீன் பாய் அனுப்பிய படங்கள். இந்த வளவில் சாமான் இறங்குவதற்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு அவர் டோக்கன் கொடுத்து வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. இது வடிவுக்குத் தெரியாது. பந்தியில் உட்கார்ந்துகொண்டே அடுத்த கல்யாணத்துக்குச் செருப்பு மாட்டுகிற ஜென்மம் அது.

பால் பொங்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் நின்றார்கள், பிறகு பேசிக்கொண்டே நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். தீயைக் கூட்டினார்கள், நீல நாக்கு பானையின் கழுத்து வரைக்கும் ஏறியது, பால் சலனமில்லாமல் கிடந்தது. ஆவுடையம்மாள் சுட்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றாள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

மண் அடுப்பில் வைத்தார்கள், கரி அடுப்பில் வைத்தார்கள், மற்ற அடுப்புகளையும் விடவில்லை. எல்லா அடுப்பும் தன் வேலையைச் செய்தது, பால் மட்டும் தன் வேலையைச் செய்யவில்லை. அதே பாலில் ஒரு செம்பு எடுத்துக்கொண்டுபோய் ஆவுடையம்மாள் தன் வீட்டு விறகடுப்பில் வைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பொங்கி வழிந்தது. வெந்நீர் வைத்தால் குற்றாலிங்கம் வீட்டு அடுப்பில் கொதித்தது, அரிசி வெந்தது, பருப்பு குழைந்தது. பால்தான் மாட்டேன் என்றது.

வடிவு அந்த வீட்டில் அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை.

"இந்தப் பால் பொங்கட்டும், நான் பெட்டியைப் பிரிச்சிருதேன். பொங்காட்டி ஆடி முடிஞ்சு ஆவணி ஒண்ணாந்தேதி நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். உங்க கூட இன்னொரு லாரியில ஏற மாட்டேன்ங்க. எனக்கு முடியல," என்றாள்.

குற்றாலிங்கம் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். அவர் அவளை விட்டுவிட்டு ஒரு நாள் இருந்ததில்லை, இருக்கவும் தெரியாது, தன் பனியன் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அதற்காக டோக்கனைத் திரும்ப வாங்கினாரா? அந்தப் புத்திதான் கிடையாதே. ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் பால் எப்படியும் பொங்கிவிடும், பொங்கியதும் இவளைச் சமாதானப்படுத்தி மேக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்.

பால் பொங்காமல் அடுப்பை அணைக்கக் கூடாது என்று ஆவுடையம்மாள் சொல்லிவிட்டாள். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை, அவள் வாயில் அந்த நேரத்துக்கு வந்தது, ஆனால் சொன்னது சொன்னதுதான் என்பதால் சிறு தீயில் அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பால் திரியவில்லை, ஆடை கட்டவில்லை, கறந்தபடிக்குப் புத்தம் புதிதாக, கைவிரல் விறைக்கிற மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. வடிவு அதில் ஒரு டம்ளர் எடுத்துக் கீழே வைத்தாள், மத்தியானத்துக்குள் கெட்டுப்போனது. தீயின் மேல் இருந்தது கெடவே இல்லை.

இதை அறிந்த வளவு என்ன செய்தது என்று கேளுங்கள். சாமி ஆடினார்களா, பூசாரியைக் கூப்பிட்டார்களா? சாரல் காலத்துக் காற்றில் கம்பி அறுந்து அறுந்து கரண்டு நாளெல்லாம் போய்க்கொண்டிருந்தது, இருக்கிற நேரத்திலும் வோல்டேஜ் இல்லாமல் ஆவுடையம்மாளின் பிரிஜ் கருகிவிட்டது, இசக்கியின் பிரிஜ் போன வருஷமே கருகி இப்போது அதில் அவன் வெங்காயம் வைத்திருந்தான். ஆகையால் ஆவுடையம்மாள் ஒரு தூக்குவாளியில் பாலைக் கொண்டுவந்தாள்.

"இதை அந்த மண் அடுப்புல கொஞ்சம் வச்சிருங்க மைனி. நாளைக்கு எடுத்துக்கிடுதேன். சுள்ளி நான் கொண்டாந்து போடுதேன், உங்களுக்கு ஒரு செலவும் வேண்டாம்."

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கரண்டு அடுப்பு நீங்கலாக, குற்றாலிங்கம் வாங்கி வைத்த அத்தனை அடுப்பின் மேலும் வளவுப் பால் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிடலாமே என்று அவர் கேட்டார். எல்லாரும் இசக்கியின் பாலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் வேண்டாம் சார், அவரவர் பால் அவரவர் பாத்திரத்தில் இருக்கட்டும் என்றார்கள். விடிந்தால் ஒருத்தி பாலை வைக்க வருவாள், ஒருத்தி எடுக்க வருவாள், ஒருத்தி தன் பால் குறைந்திருக்கிறதா என்று சும்மா பார்க்க வருவாள், கதவைத் தட்டுகிற பழக்கம் வளவில் கிடையாது. குற்றாலிங்கம் வேட்டி மாற்றிக்கொண்டிருக்கும்போதுகூட ஒருத்தி, "நான் ஒண்ணும் பாக்கல சார், பாலுக்கு வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். அடுப்பில் தீ எரிகிறது, தீயில் பால் குளிர்கிறது, அதை ஒருத்தர்கூட அதிசயம் என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் தூக்குவாளிக்குப் புது மூடி எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர்களுக்கு அதிசயமாக இருந்தது.

இவர் எளிய வாழ்க்கைக்கு வந்தவர் அல்லவா, கொதித்துப்போனார். மாட்டுக்கூட்டம், மாட்டுக்கூட்டம் என்று வடிவிடம் பல்லைக் கடித்தார். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "பால் இருக்கிற இடத்துக்கு மாடு வரத்தான் செய்யும்," என்றாள்.

வந்து போகிறவர்களுக்கு வழியில்லை, அதுதான் சாமான்களுக்கு வந்த கேடு. தூக்குவாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து வருகிற பெண்கள் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்? ஆவுடையம்மாள் ஒரு நாள் நடை இயந்திரத்தில் முழங்காலை இடித்துக்கொண்டாள். "இந்தச் சவத்தைக் கொஞ்சம் வெளிய போட்டா என்ன சார்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் ஆளைக் கூப்பிட்டுக் கிணற்றடியில் போட்டாள், மழை விட்ட நேரத்தில் பார்த்தால் அதன் மேல் அப்பளம் காய்ந்தது. நீளமாகவும் அகலமாகவும் இருந்தது, கைப்பிடியில் துணியும் காயப்போடலாம், இத்தனை நாள் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஆவுடையம்மாள் சொன்னாள். ஓவன் வாசல்பக்கம் போனது, யார் வீட்டுக் கோழியோ அதற்குள் அடைக்கு உட்கார்ந்தது. செம்புக்குடம் கிணற்றடிக்கு, கைராட்டை எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ வண்டி ஓட்ட. முதுகு பிடித்துவிடும் நாற்காலியை இசக்கி தன் கடையில் கொஞ்சம் வைத்துக்கொள்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனான். கரண்டு இல்லாததால் அது முதுகைப் பிடிக்கவில்லை, சும்மா நாற்காலியாக இருந்தது. கேட்டால் கொடுக்க மனசில்லாத குற்றாலிங்கத்துக்கு, கேட்காமல் எடுக்கிறவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வடிவின் பெட்டிகள் மட்டும் சுவரோரமாகக் கட்டியபடி இருந்தன. அதை ஒருத்தரும் தொடவில்லை, அது அவளுடைய பெட்டி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நடுவில் அவருடைய பெரிய துன்பம் காபி. நாளுக்கு நாலு காபி இல்லாமல் அவருக்கு மூச்சு ஓடாது, வீட்டில் பால் காயாது, சூடான டிகாக்ஷனில் ஊற்றினாலும் டம்ளரே சில்லிட்டுப் போகும். ஆகையால் காலையில் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இசக்கி கடைக்குப் போய் அந்தத் தண்ணீர்க் காபிக்கு நிற்க வேண்டியதாயிற்று. முதலில் கைக்குட்டையால் டம்ளர் விளிம்பைத் துடைத்துவிட்டு நின்றபடியே குடித்தார். பிறகு சாரலுக்கு ஒதுங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் பேசாமல் இருப்பானா, அருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்பான், மருமகள் சண்டையைச் சொல்வான், உங்கள் வீட்டில் வைத்த என் பால் நன்றாக இருக்கிறதா சார் என்று பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டவன் மாதிரி விசாரிப்பான். குற்றாலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். ஆனாலும் பதில் சொன்னார்.

ஒரு நாள் இசக்கி, "சார், இன்னைக்கு நீங்க காலை ஆட்டல, பெஞ்சு அசையாம இருக்கு," என்றான். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது தரையில் கிடந்தது, செருப்போடு, ஒரு பாவமும் அறியாத மாதிரி. அவருக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியாமல் அதை மறுபடியும் ஆட்டினார்.

ஆடி முடியப் போகிற சமயத்தில் மைதீன் பாய் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, கடையில் அத்தனை பேர் இருக்கும்போது, வடிவு கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு வாசலில் நிற்கும்போது, "என்ன சார், மேக்கரை வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. ஆனி மாசமே டோக்கன் கொடுத்தீங்களே, ஆவணி பொறந்ததும் லாரி சொல்லிறலாமா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், பேசுகிற இடம் மட்டும் தெரியாது.

பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வடிவு திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்ற ஆவுடையம்மாள்தான் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல், "ஆனி மாசமா? அப்ப இங்க பால் காய்ச்சுததுக்கு முன்னாலயேவா?" காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம், அவர்கள் அந்த மாதம் முழுவதும் அவருக்குச் சொன்ன தங்கள் வீட்டுக் கதைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரிப் பார்த்தார்கள். குற்றாலிங்கம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வடிவு, அது சும்மா ஒரு…"

"லாரி சொல்லிட்டீங்களா?"

"சொல்லல."

"சொல்லிருங்க. எனக்கும் பஸ்ஸு நேரம் பாக்கணும்."  வீராப்பில் அவர் அன்றைக்கே லாரிக்குச் சொன்னார்.

ஆவணி ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக விடிந்தது. முன்பு சாமான் ஏற்றி வந்த லாரிகளில் ஒன்று வளவு வாசலில் வந்து நின்றது. வடிவு நாலு சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ராகுகாலம் கழிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்புகிறேன் என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். குற்றாலிங்கம் சாமான்களைத் திரட்டப் போனார்.

கிணற்றடியில் நடை இயந்திரத்தின் மேல் அப்பளம் பாதி காய்ந்திருந்தது. ஆவுடையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது காயட்டும் சார். சாயங்காலம் எடுத்துக்கிடுங்க," என்றாள். ஓவனுக்குள் கையை விட்டார், கோழி கொத்தியது, இன்னும் குஞ்சு பொரிக்கவில்லை. இசக்கி கடையில் அந்த நாற்காலியில் ஒரு சுமைதூக்கிக் கிழவர் வாயைத் திறந்துகொண்டு உறங்கினார். "எழுப்பட்டுமா சார்?" என்று இசக்கி கேட்டான், கேட்டவன் முகத்தில் ஒரு மரியாதையும் இல்லை. குற்றாலிங்கம் அந்தக் கிழவரின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடித்த பாதங்கள், இரண்டும் அசையாமல் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. வேண்டாம் என்றார். வளவு முழுக்கச் சுற்றி வந்தபோது அவர் கையில் ஒரு தேக்குக் கரண்டி இருந்தது.

"இதுக்கா சார் லாரி?" என்றான் டிரைவர்.

வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. கல்மூட்டையை இறக்கி வைத்தவன் முதுகு மாதிரி உடம்பெல்லாம் லேசாகி, நின்ற இடத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. லாரிக்காரனுக்கு வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பினார். மைதீன் பாய்க்குப் போன் போட்டு வரவில்லை என்றார், அவர் திட்டியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு வாசல்படியில் வந்து வடிவின் பக்கத்தில் நின்றார்.

"நான் போகல வடிவு. அங்க போனாலும் நான்தான இருக்கப் போறேன்."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் பொங்கலையே," என்றாள்.

"பொங்காட்டி என்ன, இசக்கி கடையில குடிச்சிக்கிடுதேன். நீ போகணும்னா போ, உன்னைப் பிடிச்சு வைக்க எனக்கு மூஞ்சி இல்ல. நீ இல்லாம எனக்கு முடியாது, அதையும் சொல்லிருதேன். ஆனா நான் இங்கனதான் கிடப்பேன்."

"ராகுகாலம் போகட்டும்," என்றாள் வடிவு.

அவர் உள்ளே போனார். காலியாகக் கிடந்த வீட்டில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரை, அதில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பகலில் கண் அயர்ந்தறியாத மனிதர், இரவிலும் எழுந்து எழுந்து நடக்கிறவர், பாயில்லாமல் தலையணையில்லாமல் குறட்டை விட்டு உறங்கினார். வடிவு படியில் இருந்தபடியே திரும்பி அந்த வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது ஆடவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது. காய்ச்சிய பாலின் வாசனை, ஒரு மாதமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை. வடிவு அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று எதிர்வீட்டைப் பார்த்தாள். அப்புறம் புஸ் என்று ஒரு சத்தம். அவள் எழுந்து ஓடுவதற்குள் மண் அடுப்பில் ஆவுடையம்மாள் பால், கரி அடுப்பில் எதிர்வீட்டுப் பால், காஸ் அடுப்பில் அந்த வெண்கலப் பானைப் பால், விறகடுப்பில் இசக்கியின் தண்ணீர்ப் பால்கூட, வளவுப் பால் மொத்தமும் ஒரே மூச்சில் பொங்கித் தீயை அணைத்து, மேடையில் வழிந்து, தரையில் இறங்கி, நிலைப்படியைத் தாண்டி, உறங்கிக்கொண்டிருந்த குற்றாலிங்கத்தின் கால் வரைக்கும் வந்துவிட்டது. சூடு பட்டுத்தான் அவர் எழுந்தார்.

குலவை போட்டார்களா என்று கேட்காதீர்கள். வளவே திரண்டு வந்து அடுப்பங்கரை வாசலில் நின்று வயிற்றெரிச்சல் கொட்டியது. ஒருத்தி பிள்ளைக்கு வைத்த பால் போச்சே என்றாள், இசக்கி இன்றைக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டான். எல்லாருக்கும் முன்னால், சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆவுடையம்மாள் நின்றாள். அந்த மாதம் முழுவதும் சார், சார் என்று கூப்பிட்ட வாய் அது.

"ஏ குத்தாலம், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அடுப்பு நிறையப் பாலை வச்சுட்டு இப்படியா உறங்குவ? ஊரான் வீட்டுப் பாலுன்னா உனக்கு அவ்வளவு எளக்காரமா?"

குற்றாலிங்கம் ஈரக் காலோடு நின்று, "உறங்கிட்டேன்க்கா," என்றார்.

வடிவு கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். துடைக்க ஒரு பழைய துணி இல்லாத வீடு. ஒரு வீட்டில் நிலைத்து இருந்தால்தானே துணி பழையதாகும்? அவள் சுவரோரம் போய் மேலே இருந்த பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள், மூடியைத் திறந்தாள், கைக்கு முதலில் அகப்பட்டதை உருவினாள். அது அந்த முகாமில் வாங்கிய லினன் ஜிப்பா. அதைக் கழுத்திலிருந்து அடி வரைக்கும் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவர் கையில் கொடுத்து, ஒரு பாதியைத் தான் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவரும் மண்டி போட்டார்.

"அந்த மூலையில நல்லா அழுத்தித் தொடை, எறும்பு மொய்க்கும்," என்றாள் ஆவுடையம்மாள் மேலே நின்றுகொண்டு. அவர் அந்த மூலைக்கு நகர்ந்தார்.